மூக்குக்கண்ணாடி உடைந்தால்: புதியது கிடைக்கும் வரை ஒட்டிப் பாவித்தல்

மீள்குடியேறும் குடும்பங்களுக்குக் கொடுக்கப்படும் பொதிகளில் தறப்பாள், நுளம்பு வலை, வாளி, மண்வெட்டி, சமையல் பாத்திரங்கள் இருக்கும். மூக்குக்கண்ணாடி இருக்காது. அது ஆளுக்கு ஆள் அளவு மாறும் பொருள் என்பதால் பொதியில் போட்டுப் பங்கிட முடியாது. ஆனால் பஸ்ஸிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் மூட்டை முடிச்சுகளோடு ஊருக்கு வந்து சேர்வதற்குள் உடைந்துபோகிற பொருட்களில் அதுவும் ஒன்று. கண் கிளினிக் இருக்கிற நகரமோ தொலைவில். கிணறு இறைப்பது, காணி துப்புரவாக்குவது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று வேலைகள் நெருக்கும்போது, உடைந்த கண்ணாடியை ஒரு துணியில் சுற்றி வைத்துவிட்டு "பிறகு பார்ப்போம்" என்று இருந்துவிடுகிறோம். அந்தப் "பிறகு" சில வேளை ஒரு வருடமாகிவிடும்.

கண்ணாடி இல்லாமல் நாளைக் கடத்துவதில் உள்ள ஆபத்தைச் சிலர் குறைவாக மதிக்கிறார்கள். தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாத குறும்பார்வை உள்ளவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய கண்ணாடியின் அளவு மைனஸ் 2 என்றால், கண்ணாடி இல்லாதபோது அரை மீற்றர் தூரம் வரைதான் அவருக்குத் தெளிவாகத் தெரியும். மைனஸ் 4 என்றால் 25 சென்ரிமீற்றர். அதற்கு அப்பால் எல்லாம் மங்கல். மிதிவெடி அகற்றப்படாத காணியின் ஓரத்தில் கட்டியிருக்கும் நாடாவும் சிவப்பு அபாயப் பலகையும் பற்றைக்குள்ளே அவருக்கு ஒரு நிறமாகத் தெரிந்தால் உண்டு. எழுத்தும் படமும் தெரியாது. ஆகவே குறும்பார்வை உள்ளவர் கண்ணாடி உடைந்திருக்கும் நாட்களில் விறகுக்கோ மாடு தேடியோ தனியே போகக் கூடாது. கண் தெளிவாகத் தெரிகிற ஒருவர் கூடவே போக வேண்டும்.

40 வயது தாண்டியவர்களுக்கு வருகிற வெள்ளெழுத்து வேறு விதமான தொல்லை. வெளியே எல்லாம் நன்றாகத் தெரியும். கையில் உள்ள கடதாசி மட்டும் தெரியாது. மீள்குடியேற்றக் காலத்தில் நம் கைக்கு வரும் கடதாசிகளோ கொஞ்சநஞ்சமல்ல. காணிப் படிவம், வீட்டுத்திட்டப் படிவம், வங்கிப் படிவம், நிவாரண அட்டை, மருந்துத் துண்டு. வாசிக்காமல் கையெழுத்து வைக்கிற பழக்கம் இப்படித்தான் தொடங்குகிறது.

இந்தப் பாடம் பிளாஸ்ரிக் அல்லது கம்பிப் பிறேம் உடைந்தால் அதை வீட்டில் பசையால் ஒட்டிச் சில கிழமைகளோ சில மாதங்களோ பாவிப்பது பற்றியது. முறிந்த கைக்குக் கட்டும் மட்டை போன்றது இந்த ஒட்டு. பிறேம் பழையபடி ஆகிவிடாது. நாம் காப்பாற்றப் பார்ப்பதும் பிறேமை அல்ல, அதற்குள் இருக்கும் இரண்டு வில்லைகளை, அதாவது லென்சுகளை. அவை உங்கள் கண்ணுக்கு முன்னால் சரியான இடத்தில் நிற்க வேண்டும். பிறேமின் வேலை அவ்வளவுதான்.

உடைந்தவுடன்

துண்டுகளை எல்லாம் பொறுக்கி மூடியுள்ள ஒரு டப்பாவில் போடுங்கள். சின்னத் துண்டு, திருகாணி, மூக்கில் அழுந்தும் சிறிய பஞ்சு போன்ற தாங்கி எதையும் எறிய வேண்டாம். திருகாணி நிலத்தில் விழுந்திருந்தால் வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, அந்த இடத்து மண்ணை அள்ளி அதன்மேல் தூவிப் பாருங்கள். காந்தம் இருந்தால் மண்ணில் மெல்லப் பிடித்துப் பார்க்கலாம், ஆனால் எல்லாத் திருகாணியும் காந்தத்தில் ஒட்டாது.

வில்லை வெடித்திருந்தாலும் அதை வைத்திருங்கள். இடப்பெயர்வில் கிளினிக் கொப்பியும் கண் பரிசோதித்த துண்டும் தொலைந்தவர்களுக்கு இது முக்கியம். கண்ணாடிக் கடையிலும் கண் சிகிச்சைப் பிரிவிலும் வில்லையை ஒரு கருவியில் வைத்து அதன் அளவை வாசிக்கலாம். வில்லையின் நடுப்பகுதி முழுதாக இருந்தால் உடைந்த துண்டிலிருந்தும் அநேகமாக அளவை எடுத்துவிடலாம். உங்கள் கண்ணின் பதிவேடு அந்த வில்லைதான். ஆனால் எது வலது, எது இடது, எந்தப் பக்கம் மேல் என்பது தெரிந்திருக்க வேண்டும். அதனால் வில்லையைப் பிறேமிலிருந்து கழற்றும் முன் ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிறு பிளாஸ்டர் துண்டு ஒட்டி "வலது மேல்", "இடது மேல்" என்று எழுதிவிடுங்கள். வலது, இடது என்பது கண்ணாடியைப் போட்டிருப்பவரின் வலது, இடது. எதிரே நின்று பார்ப்பவருடையது அல்ல.

வட்ட வில்லை என்றால் இன்னும் கவனம். சிலருடைய கண்ணுக்குச் சாய்வு அளவும் சேர்த்து வில்லை வெட்டியிருப்பார்கள். அது கொஞ்சம் சுழன்றாலே எழுத்து இழுபட்டுத் தெரியும். மேலே தூரத்துக்கும் கீழே வாசிப்புக்குமாக இரண்டு பகுதி உள்ள வில்லை தலைகீழானால் படியில் கால் வைக்கவே தடுமாற்றம் வரும்.

வெடித்த வில்லையை ஒட்ட முயல வேண்டாம். பசை பட்ட இடத்தால் பார்க்க முடியாது. கண்ணாடி வில்லை என்றால் ஒட்டிய துண்டு கண்ணுக்கு முன்னாலேயே கழன்று விழும்.

எந்தப் பசை

கடையில் கிடைப்பவற்றில் நமக்கு உதவுவது இரண்டே வகை.

ஒன்று சுப்பர் குளூ. நீர் போன்ற பசை, சின்ன ரியூப்பில் வருவது. காற்றிலும் பொருளின் மேற்பரப்பிலும் உள்ள ஈரத்தால் இது இறுகுகிறது. சில விநாடிகளில் பிடித்துவிடும், முழுப்பலம் வர ஒரு நாள் செல்லும். முறிந்த இரண்டு முனையும் இடைவெளி இல்லாமல் பொருந்துகிற இடத்தில் இது நன்றாகப் பிடிக்கும். மெல்லிய படலமாக இருந்தால்தான் பலம். நிறைய ஊற்றினால் பலம் குறையும், காயவும் நேரமெடுக்கும். இதன் குறை என்னவென்றால், இறுகிய பின் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை. நேராக இழுத்தால் தாங்கும், வளைத்தால் விட்டுவிடும். வியர்வையும் வெப்பமும் காலப்போக்கில் அதை இளக்கும்.

மற்றது அரல்டைட் போன்ற இரண்டு ரியூப் பசை. இரண்டிலும் சம அளவு எடுத்துக் கலந்தால்தான் இறுகும். ஒன்று கூடி மற்றது குறைந்தால் நாட்கணக்கில் ஒட்டலாகவே கிடக்கும். சாதாரண வகை முழுதாக இறுக ஒரு நாள் வேண்டும். ஐந்து நிமிடத்தில் பிடிக்கும் வகையும் உண்டு. இது இடைவெளியை நிரப்பும், உலோகத்தில் நன்றாகப் பிடிக்கும், அதிர்ச்சியை ஓரளவு தாங்கும்.

சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப்போடும் சொலுசன், கந்தோர்க் கம், மரம் ஒட்டும் வெள்ளைப் பசை ஆகியவற்றால் பயனில்லை. சொலுசன் ரப்பருக்காகச் செய்யப்பட்டது. கடினமான பிறேமில் தோல் போல உரிந்து வரும். கத்தியைச் சூடாக்கிப் பிளாஸ்ரிக்கை உருக்கி ஒட்டுவது இன்னொரு பழக்கம். அப்படி ஒட்டிய பிறேமின் வளையம் கோணி, வில்லை திரும்ப உட்காராமல் போகும். நெருப்பை விட்டுவிடுங்கள்.

வளைத்தால் ரப்பர் போல வளைந்து கொடுக்கும் பிறேம்கள் இருக்கின்றன. அவற்றில் பல நைலோன் இனத்தவை. அவற்றில் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. அப்படியான பிறேம் உடைந்தால் பசையோடு மினைக்கெடாமல், பின்னால் சொல்லப்படும் நூல் கட்டை மட்டும் நம்புங்கள்.

நடுப்பாலம் முறிந்தால்

மூக்கின் மேல் நிற்கும் பகுதி இரண்டாக முறிவதே வீட்டில் ஒட்டுவதற்கு மிகக் கடினமானது. ஒட்டுவதைவிட நேராக ஒட்டுவதுதான் சிரமம். ஒவ்வொரு வில்லையின் நடுவும் அந்தந்தக் கண்மணிக்கு நேரே வரும்படி கடைக்காரர் அளந்து வெட்டியிருப்பார். பாலம் கோணலாக ஒட்டினால் ஒரு வில்லை மேலேயும் மற்றது கீழேயும் போகும். இரண்டு கண்ணும் இரண்டு விதமாக இழுபடும், தலையிடிக்கும், சில வேளை எல்லாம் இரண்டாகவும் தெரியும். ஆகவே பசையைத் திறக்கும் முன் அரை மணித்தியாலத்தைப் பொருத்திப் பார்ப்பதில் செலவிடுங்கள்.

முதலில் வில்லைகளைக் கழற்ற வேண்டும். சுப்பர் குளூ இறுகும்போது அதிலிருந்து எழும் ஆவி வில்லையில் வெள்ளைப் படலமாகப் படியும். அது துடைத்தாலும் இலகுவில் போகாது. பிளாஸ்ரிக் பிறேமைக் கை பொறுக்கும் சூட்டு நீரில் இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் வளையம் சற்று இளகும். பிறகு வில்லையை மெல்லிய துணியால் பிடித்து, பின்புறத்திலிருந்து முன்புறமாகப் பெருவிரல்களால் அழுத்துங்கள். வராவிட்டால் வல்லடி வேண்டாம். வில்லையின் இரு பக்கமும் பொலித்தீனால் இறுக்கமாக மூடி ஒட்டிவிட்டு, காற்றோட்டமான வெளியிடத்தில் வேலையைச் செய்யலாம்.

முறிந்த முனைகளைச் சவர்க்கார நீரில் பழைய பல்துலக்கி கொண்டு கழுவுங்கள். முகத்து எண்ணெயும் பவுடரும் வியர்வையும் அங்கே படிந்திருக்கும், அதன்மேல் எந்தப் பசையும் நிற்காது. நன்றாகக் காய விடுங்கள். முறிந்த முகங்களை அரத்தாளால் தேய்க்கக் கூடாது. அந்தக் கரடுமுரடுதான் ஒன்றுக்குள் ஒன்று பூட்டுப்போல் பொருந்த உதவுகிறது. அதைத் தேய்த்துவிட்டால் நேராக வைக்க வேறு அடையாளமே இல்லை. நகப்பூச்சு அகற்றும் திரவத்தால் துடைக்கவும் கூடாது. அதில் உள்ள அசற்றோன் பல பிளாஸ்ரிக் பிறேம்களைக் கரைக்கும், பிளாஸ்ரிக் வில்லையில் பட்டால் அதையும் கெடுத்துவிடும்.

மேசையிலோ மட்டமான பலகையிலோ பொலித்தீன் விரியுங்கள். சொப்பிங் பையை வெட்டி விரித்தால் போதும், பசை அதில் ஒட்டாது. பிறேமின் மேல்விளிம்பு பலகையைத் தொடும்படி இரண்டு பாதியையும் தலைகீழாக நிறுத்துங்கள். இரண்டு மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு வளையம் மற்றதை மறைக்க வேண்டும். ஒன்று முன்னுக்கும் மற்றது பின்னுக்கும் தெரிந்தால் பாலம் முறுகி இருக்கிறது. இப்படி நிறுத்துவது கைக்கு அமையாவிட்டால், ஒரு கிண்ணத்தில் அரிசியை நிரப்பி அதில் இரண்டு பாதியையும் குத்தி நிறுத்தலாம். அரிசி பிடித்துக்கொள்ளும், சிறிது சிறிதாகத் திருத்தவும் விடும்.

பொருத்தம் கைக்கு வந்த பிறகு சுப்பர் குளூவைத் திறந்து, ஈர்க்கு நுனியில் ஒரு துளி எடுத்து ஒரு பக்க முகத்தில் மட்டும் தடவுங்கள். இரண்டு பாதியையும் சேர்த்து, அசைக்காமல் ஒரு நிமிடம் பிடியுங்கள். வெளியே வழிந்ததைத் துணியால் துடைக்க வேண்டாம், காய்ந்த பின் சுரண்டலாம். ஒரு மணித்தியாலம் அதைத் தொடாதீர்கள்.

பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தினால் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, கண்ணாடியை ஒரு கையால் கழற்றும்போது ஒட்டு விட்டுவிடும். கழற்றும்போது பாலம் வளைகிறது என்பதுதான் காரணம். சுப்பர் குளூ வளைவைத் தாங்காது என்று மேலே சொன்னோம். சுப்பர் குளூ செய்தது நேராக நிறுத்தும் வேலையை மட்டுமே. பலத்தை இனித்தான் கொடுக்க வேண்டும்.

கடதாசிக் கிளிப் ஒன்றை நேராக்கி, பாலத்தின் நீளத்துக்கு, ஏறக்குறைய ஒன்றரை சென்ரிமீற்றருக்கு, குறடால் வெட்டுங்கள். பாலத்தின் வளைவுக்கு ஏற்றபடி அதை வளையுங்கள். வைக்க வேண்டிய இடம் பாலத்தின் மேற்பக்கம். உட்பக்கம் வைத்தால் மூக்கில் அழுந்திப் புண்ணாகும். கம்பி படுகிற இடத்தையும் கம்பியையும் அரத்தாளால் இலேசாக உரசுங்கள். முறிந்த முகத்துக்குச் சொன்ன தடை வெளிப்புறத்துக்கு இல்லை. இங்கே கீறல் இருந்தால்தான் பிடிக்கும். இரட்டை ரியூப் பசையைக் கலந்து மெல்லிதாகப் பூசி, கம்பியை வைத்து, அதன்மேல் தையல் நூலை நெருக்கமாக எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றி, நூலின்மேலும் பசையைத் தடவி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். பார்வைக்கு அழகாக இராது. ஆனால் கம்பியும் நூலும் பசையும் சேர்ந்த அந்தக் கட்டு, வெறும் ஒட்டைவிடப் பல மடங்கு தாங்கும். கறுப்புப் பிறேமுக்குக் கறுப்பு நூல் போட்டால் அவ்வளவாகத் தெரியாது.

இரட்டை ரியூப் பசை கிடைக்காமல் சுப்பர் குளூ மட்டும்தான் இருக்கிறதென்றால், நூலாகத் தங்கூசியையோ பொலியெஸ்டர் நூலையோ பாவியுங்கள். பருத்தி நூல், பஞ்சு, பருத்தித் துணி ஆகியவற்றில் சுப்பர் குளூ நிறையப் பட்டால் சட்டென்று சூடாகிப் புகைக்கும், கையைச் சுடும். மூலையில் துண்டு உடைந்து பள்ளம் விழுந்திருந்தால், அப்பச்சோடாவை அதில் சிறிது தூவி அதன்மேல் ஒரு துளி சுப்பர் குளூ விடுங்கள். உடனே கல்லாக இறுகும். பிறகு அரத்தாளால் தேய்த்து மட்டமாக்கலாம். இதிலும் சூடும் ஆவியும் எழும், எனவே முகத்தை விலக்கி வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

வளையம், கால், பிணைச்சல்

வில்லையைச் சுற்றியுள்ள வளையம் ஓரிடத்தில் வெடித்திருந்தால், வில்லையை உள்ளே வைத்துத்தான் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் வளையம் சுருங்கி, வில்லை பிறகு நுழையாது. இதற்கு ஆவி விடாத இரட்டை ரியூப் பசையே நல்லது. வெளிப்புறத்தில் மட்டும் பூசி, வளையத்தைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டி விடுங்கள். வில்லை உட்காரும் உட்பள்ளத்துக்குள் பசை போகக் கூடாது. போனால் புதிய பிறேமுக்கு மாற்றும் நாளில் வில்லையை எடுக்க முடியாது.

காதில் மாட்டும் கால் நடுவில் முறிந்தால் பாலத்துக்குச் சொன்ன அதே முறைதான், கம்பி மட்டும் நான்கு சென்ரிமீற்றர் அளவுக்கு நீளமாக இருக்கட்டும். கால் முறிவது கோணல் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டிய இடமல்ல. தற்காலிகமாக மின் வயரின் மேலுறையை உருவி, இரண்டு முனையையும் அதற்குள் செருகினாலும் சில நாட்கள் ஓடும்.

பிணைச்சலில் பசை போடவே வேண்டாம். அது மடங்க வேண்டிய இடம். பசை போட்டால் மடங்காது, மடக்க முயலும்போது பக்கத்திலே உடையும். பெரும்பாலும் அங்கே கெட்டிருப்பது திருகாணி மட்டுமே. மெல்லிய செப்புக் கம்பியைத் துளையால் விட்டு, இரண்டு முனையையும் முறுக்கி, கூர் முனை முகத்துப் பக்கம் வராமல் மடக்கிவிட்டால் மாதக்கணக்கில் நிற்கும். திருகாணி இருந்தும் அடிக்கடி கழன்றால், அதை இறுக்கிய பின் தலைப்பில் ஒரு பொட்டு நகப்பூச்சு வையுங்கள். பிணைச்சலே பிளாஸ்ரிக்கோடு பெயர்ந்து வந்திருந்தால் வீட்டு ஒட்டு பிடிப்பது அரிது. காலுக்குப் பதிலாகச் சைக்கிள் ரியூப்பில் வெட்டிய மெல்லிய பட்டியையோ கட்டியான நூலையோ வளையத்தில் முடிந்து தலையைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். வயதானவர்கள் சிலர் பிறேம் உடையாதபோதும் இப்படிக் கட்டுகிறார்கள், குனிந்து வேலை செய்யும்போது விழாது என்பதற்காக.

கம்பிப் பிறேம் முறிந்தால், தொடுகிற முகம் ஊசி நுனி அளவே இருப்பதால் வெறும் பசை நிற்காது. பக்கத்தில் ஒரு கம்பித் துண்டு வைத்து, நூல் சுற்றி, இரட்டை ரியூப் பசை பூசினால் கொஞ்சக் காலம் தாங்கும். அருகில் நகை வேலை செய்பவர் இருந்தால் அவரிடம் பற்றவைக்கக் கேளுங்கள். அதற்குக் கொடுக்கும் முன் வில்லைகளைக் கழற்றிவிட வேண்டும்.

போட்டுப் பார்த்தல்

ஒரு நாள் காய்ந்த பிறகே கண்ணில் போட வேண்டும். ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்து, கூரான முனைகளை அரத்தாளால் தேயுங்கள். இரண்டு காலையும் விரித்து மேசையில் வையுங்கள். ஒரு கால் தூக்கி நின்றால் முகத்திலும் சரிந்தே இருக்கும். பிறகு போட்டுக்கொண்டு கதவு நிலையைப் பாருங்கள். வலது கண்ணை மூடி ஒரு முறை, இடது கண்ணை மூடி ஒரு முறை, இரண்டும் திறந்து ஒரு முறை. நிலை இரண்டாகத் தெரிந்தாலோ, இரண்டு மூன்று நாள் போட்ட பின்னும் தலையிடி தொடர்ந்தாலோ ஒட்டு கோணலாகிவிட்டது என்று பொருள். சுடுநீரில் சிறிது நேரம் ஊறவைத்தால் சுப்பர் குளூ இளகும், பிரித்துத் திரும்ப ஒட்டலாம். இரட்டை ரியூப் பசை அப்படி இலகுவில் பிரியாது. அதனால்தான் கட்டுப் போடும் முன்னரே நேராக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறோம்.

ஒட்டிய கண்ணாடியை இரண்டு கையாலும் கழற்றுங்கள். மோட்டார் சைக்கிள் சீற்றிலோ வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள்ளோ விட வேண்டாம். விறகு கொத்தும்போது போட வேண்டாம். புழுதியைச் சேலைத் தலைப்பாலோ சாரத்தாலோ உலர்ந்தபடி துடைத்தால் மணல் வில்லையைக் கீறும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத் துடையுங்கள்.

பசை காய்கிற அந்த ஒரு நாளில் அவசரமாக ஒரு படிவம் வாசிக்க வேண்டி வந்தால் ஒரு வழி உண்டு. கடும் நிறக் கடதாசி மட்டையில் ஊசியால் ஒரு மில்லிமீற்றர் அளவு துளை போட்டு, அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, நல்ல வெளிச்சத்தில் அதனூடாகப் பாருங்கள். கண்ணாடி இல்லாமல் மங்கலாகத் தெரிந்த எழுத்து தெளியும். ஒவ்வொரு வரியாகத்தான் போகலாம், ஆனால் கையெழுத்து வைக்கும் முன் தொகையையும் பெயரையும் காணி இலக்கத்தையும் சரிபார்க்க அது போதும். துளையால் பார்த்தும் எழுத்து தெளியவில்லை என்றால் கண்ணில் வேறு நோய் இருக்கலாம், வெண்புரையாகவும் இருக்கலாம். அதற்குக் கண் வைத்தியரிடம் காட்டுங்கள், பிறேமை ஒட்டி அதைத் தீர்க்க முடியாது.

பசையும் கண்ணும்

சுப்பர் குளூ ரியூப்பும் கண் மருந்துப் போத்தலும் அளவிலும் உருவிலும் ஒன்றையொன்று ஒத்தவை. வெண்புரைச் சத்திரசிகிச்சை செய்து வந்த அப்பாவின் கண் மருந்தும் இந்தப் பசையும் ஒரே தட்டில் கிடந்தால், இரவில் கண்ணாடியும் இல்லாமல் கை எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது. இப்படிக் கண்ணில் பசை விட்டுக்கொண்டவர்கள் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். மருந்து வைக்கும் இடத்தில் பசையை ஒருபோதும் வைக்காதீர்கள். மூடியுள்ள போத்தலில் கொஞ்சம் அரிசியோடு போட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அரிசி ஈரத்தை இழுப்பதால் பசையும் சீக்கிரம் கட்டியாகாது.

கண்ணில் பட்டுவிட்டால் இமையைப் பிரிக்க முயல வேண்டாம். இளஞ்சூட்டு நீரால் நிறையக் கழுவி, ஈரத்துணியால் மூடி, தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் சவர்க்காரம் கலந்த சூட்டு நீரில் ஊறவைத்து மெல்ல உருட்டி உருட்டி எடுங்கள். பிறேமை முகத்தில் போட்டபடி ஒட்டுப் போடுவதோ, வேறொருவரைக்கொண்டு போடுவிப்பதோ எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

பிள்ளைகளின் கண்ணாடி

மேலே சொன்னவை பெரியவர்களுக்கு. பிள்ளையின் கண்ணாடி உடைந்தால் ஒட்டிக் கொடுத்துவிட்டு ஆறுதலாக இருக்க முடியாது. ஏறக்குறைய ஏழு எட்டு வயது வரை பிள்ளையின் பார்வை வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வயதில் ஒரு கண் நெடுநாள் மங்கலாகவே பார்த்தால், மூளை அந்தக் கண்ணைக் கவனிப்பதை விட்டுவிடும். பிறகு எந்தக் கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணில் முழுப் பார்வை வராமல் போகலாம். அந்த வயதுப் பிள்ளைக்குக் கண்ணாடி இல்லாத ஒரு மாதம் பெரியவருக்கு ஒரு மாதம் போன்றதல்ல. விளையாடும் இடத்தில் ஒட்டுக் கம்பி முகத்தில் குத்தவும் கூடும். ஒட்டியதை வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் போடச் சொல்லிவிட்டு, வகுப்பாசிரியரிடமும் சொல்லி முன்வரிசையில் இருத்தி, அடுத்த கிளினிக் நாளுக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

கிளினிக்கிற்குப் போகும்போது

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் வவுனியா வைத்தியசாலையிலும் கண் சிகிச்சைப் பிரிவுகள் உண்டு. அரசாங்க வைத்தியசாலையில் பரிசோதனைக்குப் பணம் அறவிடுவதில்லை. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பதையும், உங்கள் பிரதேசத்துக்கு நடமாடும் கண் சிகிச்சை வருகிறதா என்பதையும் அருகிலுள்ள வைத்தியசாலையிலோ கிராம அலுவலரிடமோ முன்னரே கேட்டு அறியுங்கள். பஸ் காசைச் செலவழித்து வெறுங்கையோடு திரும்புவது நம் ஆட்களுக்குப் பழகிப்போன கதை. கண்ணாடி வாங்க வசதி இல்லாதவர்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் உதவி உண்டா என்று கேளுங்கள்.

வெள்ளெழுத்துக்கு மட்டும் கண்ணாடி தேவைப்படுபவர்கள் கடையில் ஆயத்தமாக விற்கும் வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து வாங்கலாம். அதில் இரண்டு வில்லையும் ஒரே அளவானவை. ஆகவே இரண்டு கண்ணும் வெவ்வேறு அளவானவர்களுக்கும் தூரப்பார்வைக்குக் கண்ணாடி போடுபவர்களுக்கும் அது சரிவராது.

ஒட்டிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கிளினிக்கிற்குப் போங்கள். அதைப் பார்த்து யாரும் சிரிக்கப் போவதில்லை. உடைந்த வில்லைத் துண்டுகள் இருந்தால் "வலது மேல்", "இடது மேல்" என்று எழுதிய பிளாஸ்டரோடு டப்பாவில் கொண்டு போங்கள். புதிய அளவு பழைய அளவிலிருந்து அதிகம் மாறவில்லை என்று வைத்தியர் சொன்னால், கண்ணாடிக் கடையில் புதிய வில்லைகளுக்குச் சொல்லும் முன் உங்கள் பழைய வில்லைகளையே பொருத்தக்கூடிய பிறேம் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய வில்லையைவிடச் சற்றுச் சிறிய வளையமுள்ள பிறேம் என்றால், வில்லையின் ஓரத்தைத் தேய்த்து அதில் பொருத்திவிடலாம். பிறேமுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும்.